ஞாயிற்றுக்கிழமை இந்தி

மண்டபம் கேட்டுப் போனபோது அங்கே இருந்த காவல்காரர் முதலில் கேட்டது, எந்த நடிகர் என்பதுதான். நடிகர் இல்லை, நாங்கள் காமிக்ஸ் ரசிகர்கள் என்றேன். அந்தப் பேரில் புதிதாக யார் நடிக்க வந்திருக்கிறார் என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. அருப்புக்கோட்டையில் ரசிகன் என்று ஒருவன் இருந்தால் அவனுக்கு ஒரு நடிகர் இருந்தாக வேண்டும். கடைசியில், படக்கதைப் புத்தகம், சின்னப் பிள்ளைகள் படிக்கிறது என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் கூட்டத்தில் மீசை இல்லாதவன் ஒருவன்கூடக் கிடையாது.

மண்டபம் கிடைத்தது. கட்டவுட் கூடாது, வெடி கூடாது, யாருக்கும் பாலாபிஷேகம் செய்யக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், தகராறு என்று சின்னச் சத்தம் கேட்டாலும் மெயினை அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியேற்றிவிடுவேன் என்று முடித்தார். அவர் அப்படிச் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வருடங்களில் சுற்றுப்பக்கத்து ஊர்களில் அடிக்கடி கலவரம். நாலு பேர் சேர்ந்து உரக்கப் பேசினால் கடைக்காரர்கள் ஷட்டரில் கை வைத்துவிடுவார்கள்.

எங்களுக்குப் பஜாரில் ஸ்டேஷனரிக் கடை. நோட்டு, பேனா, சிலேட்டுக் குச்சியோடு, வாசலில் ஒரு சணல் கயிறு கட்டி அதில் காமிக்ஸ் புத்தகங்களைத் துணி காயப்போடுகிற மாதிரி போட்டிருப்போம். எண்பதுகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொன்றாக உருவி, மடிப்புக் கலையாமல் படித்துவிட்டு, மறுபடி கயிற்றில் போடுவதுதான் என் வேலை. படித்து முடித்து நான் கல்லாவில் உட்கார்ந்தபோது, புத்தகம் வாங்க வந்தவர்கள் கடை முன்னால் நின்று சண்டை போடத் தொடங்கியிருந்தார்கள். முகமூடி போட்ட நாயகன் பெரியவனா, போடாதவன் பெரியவனா என்று ஒரு தபால்காரரும் ஒரு ஹோமியோபதி டாக்டரும் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கூத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சந்திப்பு நடத்துவது என்று முடிவானது.

மூன்று அமர்வு, மூன்றுக்கும் நான் நடுவர். நடுவர் என்றால் எங்கள் ஊரில் பட்டிமன்ற நடுவர்தான். கடைசியில் எழுந்து தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். முகமூடிச் சண்டையில் தீர்ப்புச் சொன்னால் பாதி வாடிக்கை போய்விடும் என்பதால், தீர்ப்பு இல்லாத பட்டிமன்றம் என்று போஸ்டரிலேயே போட்டுவிட்டேன். அது என்ன என்று பார்ப்பதற்காகவே கொஞ்சம் பேர் வருவதாகச் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் எதிர்பார்த்தது மூன்றாவது அமர்வை. அது என் நண்பனுடையது.

அப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லியிலிருந்து ஒரு கார்ட்டூன் தொடர் வரும். பெரிய கண்ணும் கூரான முடியுமாக ஒரு பையன், ஒரு நொண்டிக் குதிரை, முடிவே இல்லாத பனி மலை. கடைசியில் ஓடும் எழுத்துகளைப் பார்த்து அது சீனாக்காரன் எடுத்தது என்று நாங்கள் வெகுநாள் நம்பினோம். ஜப்பான் என்று பிறகுதான் தெரிந்தது. எந்த நாடாக இருந்தால் என்ன, பேசுவது முழுக்க இந்தி. எங்கள் பக்கத்தில் இந்தி தெரிந்தவனை விளக்குப் போட்டுத்தான் தேட வேண்டும். படத்தைப் பார்ப்போம், ஆளுக்கு ஒரு கதையைக் கட்டிக்கொள்வோம். திங்கட்கிழமை என் கடை வாசலில் அதற்கும் சண்டை நடக்கும்.

என் நண்பன் திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவன் வீட்டில் எல்லோரும் காட்டு வேலைக்குப் போனவர்கள். இவன் மட்டும் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி வந்து விசைத்தறி ஓட்டினான். சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் பம்பாயில் முறுக்குக் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தவன் என்று ஊரில் பேர். அதனால் அவனுக்கு இந்தி தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஊர்ப் பஞ்சாயத்து டிவி முன்னால் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். இவன் பெட்டியை ஒட்டி, ஏறக்குறைய அதன் மேல் சாய்ந்த மாதிரி நின்றுகொண்டு, அத்தனை பாத்திரங்களுக்கும் தமிழில் பேசுவான்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. திரையில் பையன் வாயைத் திறக்கும்போது இவன் தொடங்குவான். பையன் வாயை மூடும்போது இவனும் முடித்திருப்பான். ஒரு எழுத்து முன்னே பின்னே போகாது. குதிரை மூச்சு விட்டால் இவனும் மூச்சு விடுவான். இவன் சொன்னபடி, அந்தப் பையன் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் அம்மாவைத் தேடிப் போகிறான். ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் உன் அம்மாவைப் பார்த்தேன் என்பார்கள். ஒவ்வொரு வாரமும் அவள் கிளம்பிப் போயிருப்பாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். வீட்டில் சொந்தமாக டிவி இருந்தும் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் அங்கே போய்விடுவேன். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல கதை அந்த வருடங்களில் வேறு எதிலும் வரவில்லை.

இதை என் மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மாவின் தம்பி, பருப்பு மண்டி வைத்திருப்பவர். துவரை வாங்க நாக்பூர் மண்டியில் தன் ஆளாக ஒருவனை உட்காரவைக்க வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். அங்கே இருக்கும் தரகர்கள் இந்தியில் பேசியே இவரைக் கவிழ்த்துவிடுகிறார்களாம். கூட்டத்துக்கு வாரேன், பையன் பேசுறதக் கேட்டுட்டு முடிவு சொல்றேன் என்றார். நண்பனிடம் போய்ச் சொன்னேன். துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால், சரிலே என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிக்குத் திரும்பிவிட்டான்.

சந்திப்புக்கு முந்தின நாள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தோம். பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் சொன்னான்.

"ஏலே, எனக்கு இந்தி தெரியாது."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் விளையாடவில்லை. பம்பாய்க்கு அவன் போய்ச் சேரவே இல்லை. டிக்கெட் இல்லை என்று ஆந்திராவில் குண்டக்கல் ஸ்டேஷனிலேயே இறக்கிவிட்டார்கள். அங்கே ஒரு டீக்கடையில் இரண்டு வருடம் கிளாஸ் கழுவிவிட்டு ஊருக்குத் திரும்பியவன், வெட்கப்பட்டுக்கொண்டு பம்பாய் என்று சொல்லிவிட்டான். கொஞ்சம் தெலுங்கு வரும் என்றான். தெலுங்கு எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு வரும். அப்படியானால் இத்தனை வாரமாக அவன் சொன்ன கதை? முகத்தையும் வாயையும் பார்த்து அவனாகச் சொன்னது.

எனக்கு வந்த கோபத்துக்குப் பசை வாளியை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். மாமாவிடம் சொல்லியாகிவிட்டது, போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, விருதுநகரிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இந்த வேலைக்கு ஏன் சரி என்றாய் என்று கத்தினேன். நான் கத்தியபோது அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் எப்போதுமே ஆள் பேசும்போது வாயைத்தான் பார்ப்பான்.

"சாயங்காலம் தறிய நிப்பாட்டுன பெறகும் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குலே. பின்னால நின்னு கூப்புட்டா கேக்கல. இன்னும் ரெண்டு வருசம் ஓட்டுனா சுத்தமா போயிரும்," என்றான். "நாக்பூருக்குப் போயிட்டா மூணு மாசத்துல இந்தி கத்துக்கிருவேன். காது இருக்கும்போதே போயிறணும்."

மீதிப் போஸ்டரை ஒட்டினோம். அவன் காது எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சாதாரணமாக ஒரு தடவை கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு ஏற்பாடு யோசித்தேன். கூட்டத்தில் யாரும் எழுந்து நேராகக் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், நடுவர் படிப்பார். சீட்டு என் கைக்கு வந்துவிட்டால் எதைப் படிப்பது, எதைச் சட்டைப் பைக்குள் போடுவது என்பது என் பாடு. மண்டபத்துக்காரர் சத்தம் கூடாது என்கிறார், அதனால்தான் இந்த ஏற்பாடு என்று ஒரு காரணமும் தயாராக இருந்தது.

மறுநாள் கார்ட்டூன் முடிந்த பிறகு கூட்டம் தொடங்கியது. நான் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு கூட்டம். மடக்கு நாற்காலி போதாமல் பந்திப் பாயை விரித்தோம். முதல் அமர்வில் முகமூடிச் சண்டை. தபால்காரர் மேஜையைத் தட்டிப் பேசியபோது காவல்காரர் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் மைக்கில் பேசியதைவிட அவரைப் பார்த்துச் சிரித்ததுதான் அதிகம். இரண்டாவது அமர்வு, கதை மாந்தர்கள் சுத்தத் தமிழில் பேச வேண்டுமா பேச்சுத் தமிழில் பேச வேண்டுமா என்பது. அதில் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் இல்லை. என் கண் வாசலிலேயே இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா வந்தார். முன்வரிசை நாற்காலியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். எங்கே ஒன் பம்பாய்க்காரன் என்று சைகையாலே கேட்டார். நான் மேடையைக் காட்டினேன். நண்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு, வாடகைக்கு எடுத்த டிவிக்கும் டெக்குக்கும் பக்கத்தில் நின்றிருந்தான். முந்தின வாரத்துக் கார்ட்டூனை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தோம். கரண்ட் லோ வோல்டேஜில் விட்டு விட்டு வந்தது, ஸ்டெபிலைசர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் படத்தை ஓட்டினோம். நண்பன் பேசத் தொடங்கினான்.

அவன் அன்றைக்குப் பேசியது போல அதற்கு முன்னால் பேசியதில்லை. கிழவனுக்கு ஒரு குரல், பையனுக்கு ஒரு குரல், குதிரைக்கு மூச்சு. பனி மலை அடிவாரத்தில் அந்தக் கிழவர் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்கிற இடம் வந்தது. "ஒங்க அம்மா இந்த மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்காப்பா," என்றான் நண்பன். கிழவர் வாயும் அவன் வாயும் ஒன்றாக மூடின. மாமா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். துவரம்பருப்பு விலை விழுந்தால் ஒழிய அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

படம் முடிந்து கைதட்டல் அடங்கியதும் சீட்டு வாங்கினேன். குதிரைக்குக் கால் எப்போது சரியாகும், அம்மாவுக்குத் தம்பி உண்டா, இப்படியே வந்தது. நண்பன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். இன்னும் இரண்டு சீட்டு. அதோடு நன்றி சொல்லி முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

நடுவரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். வெள்ளைக் கைலி, நாற்பது வயது இருக்கும். வீரசோழனில் பேக் கடை வைத்திருக்கும் பாய். மாதம் ஒரு தடவை என் கடைக்கு வந்து மொத்தமாகக் காமிக்ஸ் வாங்கிக்கொண்டு போகிறவர். பம்பாயில் பத்து வருடம் பேக் தைத்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது என் மூளையில் ஏறவில்லை. வீரசோழன் முஸ்லிம்கள் நிறைந்த ஊர், ஆனால் எங்களை மாதிரியே தமிழ் பேசுகிறவர்கள். இந்தி என்றதும் யாருக்கும் அந்த ஊர் ஞாபகம் வராது.

சீட்டில எழுதிக் குடுங்க பாய் என்றேன். எழுதுனாச் சரியா வராது தம்பி, ஒரு சின்னச் சந்தேகம்தான் என்று பணிவாகச் சொல்லிவிட்டு, நண்பனைப் பார்த்து அந்தக் கிழவரின் வசனத்தை, போன வாரம் டிவியில் கேட்டபடி அப்படியே இந்தியில் சொன்னார். "கர் ஜானா ஹை தோ பீச்சே மத் தேக்." இதுதான அந்த எடத்துல வருது, அதுக்கு நீங்க சொன்ன அர்த்தம் வரலையே என்று கேட்டார். அவர் குரலில் குத்தல் இல்லை. காமிக்ஸ் புத்தகத்தில் பக்கம் மாறி அச்சாகியிருந்தால் எப்படிக் கேட்பாரோ அப்படித்தான் கேட்டார்.

நண்பன் அவர் இருந்த திசையில் பார்த்துச் சிரித்தபடி நின்றான். அவனுக்குக் கேட்கவே இல்லை. தூரம் வேறு. மாமா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து யாரோ, தமிழ்ல பேசுங்க என்றார்கள். இன்னொருவர் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். எங்கள் ஊரில் இதற்குமேல் பொறி தேவையில்லை. இந்தி எதுக்கு இங்க என்று ஒரு பக்கம், தமிழ் வாழ்க என்று ஒரு பக்கம். அத்தனை நேரம் ஒரு இந்திப் படத்தைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர்கள்தான் இவர்கள். கைதட்டல் எழுந்தது. இந்தி தெரிந்த ஆளைத் தேடி வந்த என் மாமா, இந்தி வேண்டாம் என்பதற்குத் தன்னை மறந்து கைதட்டினார். பாய் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அந்த இந்தியை வீரசோழன்ல போயிப் பேசு என்றது ஒரு குரல். ஒருவன் அவர் தோளில் கை வைத்து அழுத்தி உட்காரவைக்கப் பார்த்தான். அவர் உட்காரவில்லை. காவல்காரரின் கை மெயின் பெட்டிக்குள் போனது.

நடுவர் நான். ஒரே ஒரு வாக்கியம் போதும், இது தமிழ் மேடை, தமிழில் கேளுங்கள் என்று. கூட்டம் கூரையைப் பிய்த்துவிடும், பாய் தலைகுனிந்து வெளியே போவார், நண்பன் நாக்பூர் போவான். அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. பாயைப் பார்த்தேன், நண்பனைப் பார்த்தேன். வாயருகே கொண்டுபோன மைக்கை அப்படியே கீழே இறக்கினேன்.

நண்பன் என் முழங்கையைத் தொட்டான். "அவுகள ஏன் வையிறாக?" என்று கேட்டான்.

இந்தியில் கேட்டார், அதனால் என்றேன். என் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டான். ஒரு நிமிஷம் பாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"அவுகள ஒண்ணும் சொல்லாதீக. அவுக கேட்டது நாயம்தான். எனக்கு இந்தி தெரியாது. வாய் அசையிறதப் பாத்து நானாச் சொன்னதுதான் எல்லாம்."

தோளில் கை வைத்திருந்தவன் கையை எடுத்துவிட்டான். கைதட்டத் தூக்கிய கைகள் இறங்கின. முன்வரிசையில் மாமா எழுந்தார், கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலைப் பார்த்து நடந்தார். அவர் செருப்பு மாட்டுகிற வரைக்கும் நண்பன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் நடுவர் என்ற முறையில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. பாய் வரிசையை விட்டு வெளியே வந்து மேடையேறினார். நண்பனின் பக்கத்தில் நின்று, மறுபடி ஓட்டச் சொல்லுங்க என்றார். சத்தத்தைக் கொஞ்சம் வைத்தோம். பாய் ஒவ்வொரு வசனத்தின் அர்த்தத்தையும் நண்பனின் காதுக்குள் சொன்னார். நீளமாகச் சொல்வார். நண்பன் அதைக் குறுக்கி, கேசட்டைப் பின்னால் ஓட்டி, அந்த வாயசைவுக்குள் அடக்கிச் சொல்வான். வீட்டுக்குப் போகணும்னா திரும்பிப் பாக்காத. அதுதான் கிழவர் சொன்னது. பையன் யாரையும் தேடிப் போகவில்லை, தன் வீட்டுக்குத்தான் போகிறான். அம்மா என்று ஒருத்தி அந்தக் கதையிலேயே கிடையாது.

கூட்டம் மரியாதையாகக் கேட்டது. ஆனால் யாரும் மூக்கைத் துடைக்கவில்லை. நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பரமக்குடிக்காரர்கள் பாதியிலேயே கிளம்பினார்கள். காவல்காரர் மட்டும் கடைசியில் என்னிடம் வந்து, மொதல்ல சொன்ன கதைதான் நல்லாருந்துச்சு என்றார்.

மறுநாள் மண்டிக்குப் போய் மாமாவிடம் சண்டை போட்டேன். மூன்று மாதத்தில் கற்றுக்கொள்வான், அவன் மாதிரி ஆள் பார்க்கத் தெரிந்தவன் கிடைக்கமாட்டான், காது வேறு போய்க்கொண்டிருக்கிறது என்று எல்லாம் சொன்னேன். மாமா சாம்பிள் துவரையைக் கையில் அள்ளித் தூசி ஊதியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தி தெரியாதது ஒரு பெரிய விசயமில்ல மாப்ளே. போனாத் தன்னால வந்துரும்," என்றார். "தெரியாதுன்னு மைக்கப் புடிச்சு ஊருக்கே சொல்லுறான் பாரு, அவன எப்பிடி யாவாரத்துக்கு அனுப்புறது?"

நான் மண்டியை விட்டு வெளியே வந்துவிட்டேன். இன்னும் நின்றிருந்தால் அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும்படி ஏதாவது சொல்லியிருப்பேன். மாமா தன் பங்காளி மகன் ஒருவனை நாக்பூருக்கு அனுப்பினார். அவனுக்கும் இந்தி தெரியாதுதான். அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் தொலைபேசியில் தரகர்களை இந்தியிலேயே அதட்டுகிறான் என்று மாமா சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அந்தத் தீபாவளிக்கு நான் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை.

நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. பாய் வருத்தப்பட்டாரா என்று மட்டும் கேட்டான். பாய்க்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது என்றேன். வீரசோழனில் ஒரு கடையில் வேலைக்குச் சொல்கிறேன் என்று பாய் இரண்டு தடவை ஆளனுப்பினார். கடையில் நின்றால் வருகிறவர்கள் பேசுவது கேட்க வேண்டுமே என்று இவன் போகவில்லை. தறிக்கே திரும்பிப் போனான்.

அதன் பிறகும் சந்திப்புகள் நடத்தினோம். மூன்றாவது அமர்வு என்று எதையும் வைக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் கேபிள் டிவி வந்தது. அந்தக் கார்ட்டூனையே தமிழில் பேசவைத்துப் போட்டார்கள். அப்போது நண்பன் தறியை விட்டுவிட்டு ஊரிலேயே வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். கரி படிந்த கையோடு டிவி முன்னால், முன்பு நிற்பது போலவே பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சத்தத்தை முழுக்க வைத்திருந்தாள். எனக்குக் காது வலித்தது. அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

திரையில் பையன் குதிரையின் கழுத்தைத் தடவினான். "நாளைக்குக் கிளம்பலாம்," என்றான், நல்ல தெளிவான தமிழில். நண்பன் என் பக்கம் திரும்பினான்.

"என்னலே சொல்றான்?"

அவன் காதில் வாயை வைத்து, என்னால் முடிந்த அளவு உரக்கச் சொன்னேன். "எங்கம்மா மலைக்கு அந்தப் பக்கம் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பா, நாளைக்கே போயிருவோம்னு சொல்றான்."

அவன் மறுபடி திரையைப் பார்த்தான். பையன் வாயை மூடி வெகுநேரம் ஆகியிருந்தது.

"பொய் சொல்லாதலே," என்றான். "அவன் வாய் அவ்வளவு நேரம் அசையல."